மதுரை வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநலச் செவிலியம்: பயிற்சியும் கைத்திறனும்

பொதுச் செவிலியத்தில் பட்டயமோ பட்டமோ பெற்று, மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்துகொண்ட எவரும் மனநலச் செவிலியர்தான் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் வரையறை. மனநலச் செவிலியத்தில் தனிப் பட்டம் பெற்றவரும் இந்த வரையறைக்குள் வருகிறார். பத்தாண்டுக் காலம் பிரசவ அறையை விட்டு நகராதவரும் வருகிறார். சட்டம் இப்படி வாசலை அகலத் திறந்து வைத்ததற்குக் காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.29 மனநல மருத்துவர். அதாவது ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேருக்கு ஒருவர். மனநலத் துறைச் செவிலியர்கள் ஒரு லட்சத்துக்கு 0.80. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் 30 லட்சத்தைத் தாண்டிவிட்ட மதுரை மாவட்டத்துக்கு இந்த விகிதத்தைப் பொருத்திப் பார்த்தால், உசிலம்பட்டியிலும் பேரையூரிலும் கொட்டாம்பட்டியிலும் நோயாளியை முதலில் பார்க்கப்போவது யார் என்பது விளங்கிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஸ்டாஃப் நர்ஸ்தான் பார்க்கப்போகிறார். அவருக்கும் முன்னால், வீடு தேடிப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர் பார்த்திருப்பார்.

இந்தச் செவிலியருக்கு மனநோயைப் பற்றி என்ன தெரியும் என்ற கேள்வியை அரசு அடிக்கடி கேட்கிறது. பயிற்சி வகுப்பும் நடத்துகிறது. அவரால் என்ன செய்ய முடிகிறது என்ற கேள்வியை நாம் இன்னும் ஒழுங்காகக் கேட்கத் தொடங்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

வந்த வழி

மனநோய்ச் சிகிச்சையைப் பெரிய மருத்துவமனையிலிருந்து கிராமத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற யோசனை இந்தியாவில் 1975ஆம் ஆண்டு வாக்கில் இரண்டு இடங்களில் சோதிக்கப்பட்டது: சண்டிகரை அடுத்த ராய்ப்பூர் ராணி, பெங்களூரை அடுத்த சகலவாரா. இந்த அனுபவத்தின் மீது 1982இல் தேசிய மனநலத் திட்டம் எழுந்தது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய சோதனை முயற்சி, 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்துக்கு முன்மாதிரியானது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சி மாவட்டம் இந்தத் திட்டத்துக்குள் வந்தது. 2001இல் மதுரையும் ராமநாதபுரமும் சேர்ந்தன.

அந்த 2001ஆம் ஆண்டு தென்மாவட்டங்களுக்கு மறக்கக்கூடாத ஆண்டு. ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி நடந்துவந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நாடு முழுவதும் பேச்சு காப்பகங்களின் உரிமத்தைப் பற்றியே நடந்தது. அந்த மனிதர்கள் ஏர்வாடிக்குப் போகும் முன் தங்கள் ஊரில் எந்த மேசையின் முன் உட்கார்ந்திருப்பார்கள், அந்த மேசையில் இருந்தவருக்கு அவர்கள் சொன்னது புரிந்திருக்குமா என்பதைப் பற்றிய பேச்சு குறைவாகவே இருந்தது.

மதுரைக்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. அரசு ராஜாஜி மருத்துவமனையில், ஊர் வழக்கில் சொன்னால் பெரியாஸ்பத்திரியில், மனநலத் துறை இருக்கிறது. மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மறுவாழ்வுப் பணியில் தொடர்ந்து இயங்கிவருகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், சமூகச் செவிலியர் ஆகியோருக்கு இடம் உண்டு. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018இல் ஆரம்ப சுகாதாரச் சேவைகளைப் பன்னிரண்டு தொகுப்புகளாக விரித்தபோது மனநலம் அதில் ஒன்றானது. முப்பது வயதைக் கடந்தவர்களிடம் வீடு வீடாக நிரப்பப்படும் படிவத்தில் மனச்சோர்வைக் கண்டறியும் இரண்டு கேள்விகள் சேர்க்கப்பட்டன.

இவ்வளவும் இருந்தும் 2015–16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு சொன்னது இது: வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்கிறார்கள். சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்கள், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம். மனநல மருத்துவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சுற்றில் வருவது மாதத்தில் சில நாட்கள்தான். மற்ற நாட்கள் எல்லாம் செவிலியரின் நாட்கள்.

மேசைக்கு வரும் நோய்

செவிலியப் படிப்பில் மனநலம் ஒரு கட்டாயப் பாடம். மாணவிகள் சில வாரங்கள் மனநல வார்டில் பயிற்சி பெறுகிறார்கள். அங்கே அவர்கள் பார்ப்பது முற்றிய நோய்: காதில் குரல் கேட்பவர், கட்டுக்கடங்காமல் பேசுபவர், பேச்சே இல்லாமல் சுருண்டு கிடப்பவர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நோய் அந்த உருவத்தில் வருவது அபூர்வம்.

அங்கே வருபவர் நாற்பது வயதுப் பெண்ணாக இருக்கலாம். "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது சிஸ்டர். நெஞ்சு படபடன்னு வருது. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல" என்பார். ஓ.பி. சீட்டில் 'உடல் வலி' என்று எழுதப்படும். ஓர் ஊசி, நான்கு சத்து மாத்திரை. அடுத்த மாதம் அதே பெண், அதே வலி, அதே ஊசி. மனச்சோர்வும் பதற்றமும் நம் ஊரில் பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் பேசுகின்றன. இதைக் கேட்டறியும் கருவி செவிலியர் கையிலேயே இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருக்கிறதா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒன்பது கேள்விகள் கொண்ட முழுப் படிவத்துக்குப் போக வேண்டும்.

கேள்வியை அச்சில் உள்ளபடி வாசித்தால் உசிலம்பட்டிப் பெண் "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று எழுந்து போய்விடுவார். "ரெண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டாம இருக்காக்கா? டி.வி. பாக்குறது, பேரப்பிள்ளையத் தூக்குறது, எதுவும் பிடிக்காமப் போச்சா?" என்று கேட்டால் கண் கலங்கும். அருகில் மாமியாரோ கணவரோ நின்றால் அந்தக் கண்ணீரும் வராது. அவர்களை "கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்று அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். இந்த மூன்று நிமிட வேலையில் மூன்று திறன்கள் அடங்கியிருக்கின்றன: வலியின் பின்னால் இருப்பதைச் சந்தேகிப்பது, தனிமையை உண்டாக்குவது, அவர் பேச்சில் கேட்பது. எந்தத் தேர்வுத்தாளும் இவற்றை அளக்காது.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை எடுத்துக்கொள்வோம். வேலூர் மாவட்டக் கிராமங்களில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், பிரசவித்த பெண்களில் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்து பெண் பிள்ளை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், உதவிக்கு ஆள் இல்லாமை ஆகியவை காரணிகளாகத் தென்பட்டன. பெண் சிசுக்கொலைக்காக எண்பதுகளில் நாடெங்கும் பேசப்பட்ட உசிலம்பட்டி வட்டாரத்துக்கு இந்தப் பட்டியலை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளும் புதன்கிழமை தடுப்பூசிக்குக் கைக்குழந்தைகளோடு தாய்மார்களும் நம் சுகாதார நிலையங்களுக்கு வருகிறார்கள். குழந்தையின் எடையைக் குறிக்கும் அதே கை, தாயிடம் இரண்டு கேள்வி கேட்கப் பழக வேண்டும். தனி முகாம் எதுவும் தேவையில்லை.

மருந்தை அறிந்த கை

மனநல மருந்துகளை எழுதித் தருவது மருத்துவர். அந்த மருந்து நோயாளியின் உடம்பில் என்ன செய்கிறது என்பதை நேரில் பார்ப்பது செவிலியர்.

மனச்சிதைவு நோய்க்கு மாதாந்திர ஊசியாகப் போடப்படும் ஃப்ளுபெனசின் டெக்கனோயேட் நல்லெண்ணெயில் கரைக்கப்பட்ட மருந்து. ஈரமில்லாத ஊசியால், இடுப்புத் தசையில் ஆழமாக, மெதுவாகச் செலுத்த வேண்டும். அவசரப்பட்டால் மருந்து கசியும், இடம் கட்டிக்கொள்ளும், நோயாளி அடுத்த மாதம் வரமாட்டார். இந்த வகை மருந்துகளைத் தொடங்கிய முதல் சில நாட்களில், அதிலும் இளைஞர்களுக்கு, கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளலாம், கண்கள் மேலே சொருகலாம். வீட்டில் உள்ளவர்கள் இதைப் பார்த்தால் பேய்தான் என்று முடிவு கட்டுவார்கள், கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள், மருந்து நின்றுவிடும். இது மருந்தின் பக்கவிளைவு என்று அறிந்த செவிலியர் உடனே மருத்துவரை அழைப்பார். அவர் சொல்லும் ஒரு புரோமெதசின் ஊசியில் பெரும்பாலும் சற்று நேரத்தில் சரியாகிவிடும். முதல் ஊசியன்றே "இப்படி ஆனா பயப்படாதீங்க, உடனே இங்க வாங்க" என்று வீட்டாரிடம் சொல்லி அனுப்பியிருந்தால் இன்னும் நல்லது.

லித்தியம் இன்னொரு பாடம். இருதுருவ மனநோய்க்குத் தரப்படும் இந்த மருந்து, பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே குறுகிய இடைவெளி கொண்டது. உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். சித்திரை, வைகாசி வெயிலில் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வரும் ஒருவர் "உடம்பு வலி" என்று சொல்ல, அவருக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டால் ஆபத்து இரட்டிப்பாகும். அந்த வலிநிவாரணியும் லித்தியத்தின் அளவை உயர்த்தக்கூடியது. கை நடுங்குகிறது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுகிறது என்றால் 'வெயில் கொடுமை' என்று உப்புச்சர்க்கரைக் கரைசலோடு அனுப்பிவிடாமல், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி உயிரைக் காக்கும்.

குடிநோயும் அப்படியே. பல ஆண்டுகள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளில் கடுமையான மனக்குழப்பம் வரலாம். நம் வட்டாரத்தில் குடியை ஒரே நாளில் நிறுத்துவதற்குச் சந்தர்ப்பங்கள் பல: கார்த்திகையில் மாலை போடுவது, ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவது, கோயிலில் சத்தியம் செய்வது. நடுக்கத்தோடும் பிதற்றலோடும் வருபவரிடம் அல்லது வீட்டாரிடம் "கடைசியா எப்பக் குடிச்சார்?" என்று கேட்பது முதல் வேலை. குளுக்கோஸ் ஏற்றும் முன் தையமின் என்ற வைட்டமினைக் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. வரிசை மாறினால், தையமின் குறைந்துபோன மூளைக்கு நிரந்தரச் சேதம் நேரலாம்.

தற்கொலையைப் பற்றிக் கேட்பது

2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து இரண்டாவது இடம். முயன்று பிழைத்தவர்கள் முதலில் வந்து சேர்வது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குத்தான்.

"சாகணும்னு தோணுதா" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் செவிலியர்களிடம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் இந்த அச்சத்தை ஆதரிக்கவில்லை. கேட்பது நோயாளிக்கு ஆறுதலே தருகிறது. எனவே இந்தக் கேள்வியை வாய் குழறாமல், கண்டிக்கும் தொனி இல்லாமல் கேட்கப் பழகுவது அடிப்படைத் திறன். அடுத்து, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, அதை யாரிடம் ஒப்படைக்கலாம், இன்றிரவு கூட யார் இருப்பார்கள் என்று வீட்டாரோடு பேசி முடிவு செய்வது.

இதைச் செவிலியர் செய்தால் பலன் உண்டா? உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரிடையே நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. சென்னையில் இதை முன்னெடுத்தவர், 1986இல் சிநேகா அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு குழுவுக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடலும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பும். விசாரித்தவர் மருத்துவராகவோ செவிலியராகவோ உளவியலாளராகவோ இருக்கலாம். முடிவில் முதல் குழுவில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். இரண்டாவது குழுவில் 0.2 சதவீதம். விலை உயர்ந்த கருவியோ புதிய மருந்தோ இல்லாமல், "எப்படி இருக்கீங்க?" என்று ஒன்பது முறை கேட்டதன் பலன் இது.

பெங்களூரில் ஷைலா பாய், ஆர்.எல். கபூர் இருவரும் எண்பதுகளின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வும் நினைவில் வைக்கத்தக்கது. மனச்சிதைவு நோயாளிகளில் ஒரு சாராரை மருத்துவமனையில் சேர்த்தார்கள்; இன்னொரு சாராரை வீட்டிலேயே வைத்து, பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் போய்ப் பார்த்துவந்தார். வீட்டில் பார்க்கப்பட்டவர்களின் நோய்க்குறிகளும் குடும்பத்தின் சுமையும் கூடுதலாகக் குறைந்தன. செவிலியரால் முடியுமா என்ற கேள்விக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது.

பயிற்சி எங்கே வடிகிறது

அப்படியானால் குறை எங்கே? பயிற்சியின் வடிவத்தில் இருக்கிறது. வழக்கமான பயிற்சி இப்படி நடக்கும்: மாவட்டத் தலைநகரில் ஓர் அரங்கு, ஒன்றிரண்டு நாட்கள், திரையில் பாடம், தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு வினாத்தாள், சான்றிதழ், குழுப் புகைப்படம். வினாத்தாளில் மதிப்பெண் ஏறும். அறிக்கையில் 'பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை' ஏறும்.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரிந்திருப்பது, எப்படிச் செய்வதென்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, அன்றாட வேலையில் செய்வது. நம் வினாத்தாள் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. மூன்றாவது படியை அளக்க இன்று வழி இருக்கிறது. நேபாளத்தில் உருவாகி 2015இல் வெளியான 'எனாக்ட்' என்ற மதிப்பீட்டு முறையை, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் தொடங்கிய 'எக்விப்' தளம் எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. ஒருவர் நோயாளியாக நடிப்பார். பயிற்சி பெறுபவர் அவரோடு பேசுவார். பார்ப்பவர் ஒவ்வொரு திறனுக்கும் நான்கு நிலைகளில் மதிப்பிடுவார். இதில் மிகக் கீழ்நிலை, தீங்கு விளைவிக்கும் நடத்தை: அதட்டுவது, குறைகூறுவது, அடுத்தவர் காதில் விழும்படி பேசுவது. "உனக்கென்ன குறை, நல்லாத்தானே இருக்க?" என்ற நம்முடைய அன்றாடத் தேறுதல் மொழியே பல நேரம் இந்தக் கட்டத்தில் போய் விழும்.

இரண்டாவது குறை, பயிற்சிக்குப் பின் யாரும் கூட நிற்பதில்லை. நிம்ஹான்ஸ் 2018 முதல் தன் டிஜிட்டல் அகாடமி வழியாக மாவட்டங்களில் பணிபுரிவோருக்குத் தொலைவழிப் பயிற்சி அளிக்கிறது. ஆரம்ப சுகாதார மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கும்போதே நிபுணர் காணொளியில் கூட இருந்து வழிகாட்டும் முறையையும் அது வளர்த்திருக்கிறது. இதே கவனிப்பு ஸ்டாஃப் நர்சுக்கும் வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, அரசு மருத்துவமனைகளின் மருத்துவ அலுவலர்கள் அனைவருக்கும் அடிப்படை மனநலப் பயிற்சி தரவேண்டும் என்று கட்டளையிடுகிறது; அந்த இடத்தில் செவிலியரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

மூன்றாவது, பணிச்சூழல். பிரசவம், தடுப்பூசி, சர்க்கரை, இரத்த அழுத்தம், கணினிப் பதிவு என எல்லாம் ஒருவர் தலையில். ஒப்பந்த ஊதியத்தில் வேலை செய்பவர்கள் பலர். மனநலப் பயிற்சி பெற்றவர் அடுத்த மாறுதலில் வேறு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டால், அவரோடு பயிற்சியும் போய்விடுகிறது. திறனைச் செவிலியரின் தனிப்பட்ட குணமாக மட்டும் பார்ப்பது அநியாயம். அது அவருக்கு அமைத்துத் தரப்படும் வேலையின் தன்மையும்கூட.

மதுரையில் செய்யக்கூடியவை

புதிய கட்டடம் கேட்காமல் மதுரை மாவட்டத்தில் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கான திறன்களைச் சுருக்கமாக வரையறுத்து, எழுத்துத் தேர்வை விட்டுவிட்டு நடித்துக் காட்டும் முறையில் சோதிப்பது. உடல் வலிக்குப் பின்னால் உள்ள மனச்சோர்வைக் கேட்டறிதல், தற்கொலை எண்ணத்தைக் கேட்டுப் பாதுகாப்புத் திட்டம் அமைத்தல், மருந்தின் பக்கவிளைவை இனங்காணுதல், குடியை நிறுத்தும்போது வரும் நோய்க்குறிகளைக் கையாளுதல், சிகிச்சையை விட்டவரைத் தேடிச்சென்று அழைத்துவருதல் ஆகிய ஐந்தும் தொடக்கத்துக்குப் போதும்.

இரண்டாவது, ஒவ்வொரு வட்டாரத்துச் செவிலியர்களும் மாதம் ஒருமுறை தாங்கள் பார்த்த நோயாளிகளைப் பற்றி ராஜாஜி மருத்துவமனை மனநலத் துறையோடும் மாவட்டத் திட்டக் குழுவோடும் காணொளியில் பேசும் ஏற்பாடு.

மூன்றாவது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வீட்டுச் சந்திப்புகளோடு மனநோயாளிகளின் தொடர் கவனிப்பை இணைப்பது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் இதயநோய் போன்ற உடல் நோய்களால். ஒலான்சபின் என்ற மனநோய் மருந்தைச் சாப்பிடுபவருக்கு எடையும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு மனச்சோர்வைப் பார்க்க வேண்டும். சென்னை உள்ளிட்ட நான்கு இந்திய நகரங்களில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு, மருத்துவரல்லாத ஒருங்கிணைப்பாளர்களைக் கொண்டு சர்க்கரை, மனச்சோர்வு இரண்டையும் சேர்த்துக் கவனித்தபோது இரண்டுமே மேம்பட்டதைக் காட்டியது.

நான்காவது, பயிற்சி பெற்றவர் குறைந்தது மூன்று ஆண்டுகள் அதே வட்டாரத்தில் இருக்க உறுதி. ஐந்தாவது, மாத அறிக்கையில் பயிற்சி பெற்றோர் எண்ணிக்கைக்குப் பதில், சிகிச்சை தொடங்கியவர்களில் ஆறு மாதம் கழித்தும் தொடர்ந்து வருபவர் எத்தனை பேர் என்ற கணக்கு.

வாசகருக்கும் இதில் பங்கு உண்டு. மனம் தாங்காத நேரத்தில் 14416, 104 ஆகிய இலவச எண்களை எந்த நேரமும் அழைக்கலாம். உங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்குப் போகும்போது "தூக்கம் வரல, மனசு சரியில்ல" என்பதையும் வலியோடு சேர்த்துச் சொல்லுங்கள். கிராம சபையில் குடிநீரையும் சாலையையும் பற்றிக் கேட்பதுபோல, நம் நிலையத்துச் செவிலியருக்கு மனநலப் பயிற்சி கிடைத்ததா, அவருக்குத் துணை நிற்பவர் யார் என்றும் கேளுங்கள்.

மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையை உலகத் தரத்துக்கு உயர்த்த முயல வேண்டும் என்று சட்டம் அரசுக்குக் கொடுத்த காலம் பத்து ஆண்டுகள். 2018இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் கெடு 2028இல் முடிகிறது. வரையறையை விரித்து எண்ணிக்கையைக் காட்டிவிட முடியும். செவிலியரின் கைத்திறனை வளர்த்து, கூட நின்று தாங்கினால் மட்டுமே நோயாளிக்கு அந்த எண்ணிக்கையால் பயன் உண்டு.